மாட்டு டொக்டரைக் கேட்டீர்களா?

மண்டோஸ் புயல் 2022 டிசெம்பர் 9ஆம் திகதி இரவு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. வன்னிக்கு அதன் வால் மட்டுந்தான் பட்டது. பெரிய சேதம் இல்லை என்று ஆறுதற்பட்டுக்கொண்டு பட்டியடிக்குப் போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மாடுகள் கிடந்த கிடையில் விறைத்துச் செத்திருந்தன. உடம்பில் காயம் எதுவும் இல்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இதே காட்சி. திருகோணமலையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் அதே செய்தி வந்தது. சில நாட்களுக்குள் வடக்கிலும் கிழக்கிலுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் போய்விட்டன.

அந்த வாரம் வேறொரு பயமும் ஊரில் இருந்தது. இந்தியப் பக்கமிருந்து வந்த மாசுக் காற்றைக் காரணம் காட்டி, அதே 9ஆம் திகதி பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். நச்சுக் காற்றா, புதுக் கொள்ளை நோயா, யாரும் ஏதும் வைத்தார்களா என்று கதை கிளம்ப எவ்வளவு நேரம் வேண்டும்? செத்த மாட்டின் இறைச்சி சந்தைக்கு வந்துவிடுமோ என்ற பயம் அடுத்தது. வடக்கு, கிழக்கிலிருந்து இறைச்சியை வெளியே கொண்டுபோகத் தற்காலிகத் தடை போடப்பட்டது.

அந்த நாட்களில் சேற்றுக்குள் இறங்கி நின்றவர்கள் அரச கால்நடை வைத்தியர்கள். செத்த மாடுகளைப் பட்டியடியிலேயே வெட்டிப் பார்த்தார்கள். மாதிரிகள் பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் இருக்கும் கால்நடை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போயின. தொற்று நோய் இல்லை, குளிர் தாங்காமல் இறந்தன என்று கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் அறிவித்தது. ஊரின் கதைகள் அதோடு அடங்கின.

முப்பது பாகை வெயிலில் வளரும் மாடு குளிரில் ஏன் சாகிறது என்று கேட்டால், பதில் வன்னியின் மாடு வளர்ப்பு முறைக்குள்தான் இருக்கிறது. இங்கே பட்டி என்றால் கூரை இல்லாத வேலி. ஐப்பசியில் காலபோக விதைப்புத் தொடங்கியதும் மாடுகளை வயல்வெளியிலிருந்து காட்டோரத்துக்கும் மேட்டுக்கும் துரத்திவிடுவார்கள். முந்திய வறட்சியில் எலும்பும் தோலுமாய் வந்த மாடு, புல் குறைந்த மேட்டில் மேலும் மெலியும். மாட்டின் உடம்புச் சூட்டில் ஒரு பங்கு, அது தின்ற புல்லும் வைக்கோலும் முதல் இரைப்பையில் புளிக்கும்போது பிறப்பது. வயிறு வெறுமையானால் அடுப்பு அணைந்த மாதிரி. அதற்குமேல் விடாத மழை, நனைந்த மயிர், ஊடறுக்கும் காற்று. கன்றுகளும் சினைப்பசுக்களும் முதலில் விழுந்தன.

அந்த வாரம் செத்த எந்த மாட்டுக்கும் வைத்தியம் நடக்கவில்லை. நடக்க நேரமும் இருக்கவில்லை. ஆனாலும் அந்த ஆண்டில் வன்னியில் நடந்த மிகப் பெரிய கால்நடை வைத்தியம் அதுதான் என்று சொல்வேன். நோயா, குளிரா என்று தீர்ப்புச் சொன்னது, செத்ததைச் சந்தைக்குப் போகாமல் புதைப்பித்தது, கிராம அலுவலரோடு நின்று இழப்பை எண்ணியது, மிஞ்சிய மாட்டுக்குத் தறப்பாள் கட்டவும் வைக்கோல் போடவும் சொல்லிக்கொடுத்தது எல்லாமே மருந்துப் பெட்டிக்கு வெளியே நடந்த வேலை. நாம் இவர்களை மாடு விழுந்த பிறகு கூப்பிடுகிறோம். விழாமல் இருக்க என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும் இடத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

ஒரு பிரிவுக்கு ஒரு டொக்டர்

இலங்கையில் கால்நடை மருத்துவம் படிக்க ஒரே ஒரு பீடந்தான் இருக்கிறது, பேராதனைப் பல்கலைக்கழகத்தில். ஐந்து ஆண்டுப் படிப்பு. முடித்துவிட்டு வடக்குக்கு வருபவர் மாகாண கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் ஒரு பிரதேச செயலகப் பிரிவைப் பொறுப்பெடுப்பார். கண்டாவளை, பூநகரி, துணுக்காய், மாந்தை கிழக்கு, நெடுங்கேணி என்று பெயரைச் சொல்லும்போதே தூரம் தெரியும். ஒரு பிரிவு என்பது பல கிராம அலுவலர் பிரிவுகள், ஆயிரக்கணக்கான மாடுகள், எண்ணி முடியாத கோழிகள், ஆடுகள், நாய்கள். கூடவே சில கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர்கள். மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் திரவ நைதரசன் குடுவையைக் கட்டிக்கொண்டு சினை ஊசி போடப் போகிறவர்கள் அவர்கள்தான். குடுவைக்குள் குளிர் மறை 196 பாகை, வெளியே மாங்குள வெயில்.

ஊர் இவரை மாட்டு டொக்டர் என்கிறது. கொஞ்சம் இளக்காரம், நிறைய உரிமை. மனித டொக்டரிடம் போய்க் காத்திருக்கும் அதே ஆள், மாட்டு டொக்டரைப் பட்டிக்கே வரச் சொல்லுவார், வரப் பிந்தினால் கோபிப்பார். பெண் வைத்தியர் வந்தால், “நீங்களோ மாட்டுக்குள்ள கையை விடப் போறியள்?” என்று முதல் நாள் கேட்பார். கஷ்டப்பட்ட ஈற்று ஒன்றில் கன்றை உயிரோடு எடுத்துக் கொடுத்துவிட்டால் அந்தக் கேள்வி பிறகு வராது.

விடிகாலையில் ஒரு பட்டியடியில் நின்றால் இவருடைய வேலை என்னவென்று பார்க்கலாம். பால் கறந்து முடிவதற்குள் இரத்தம் எடுக்க வேண்டும், வெயில் ஏறினால் மாடு மேய்ச்சலுக்குப் போய்விடும். காதுத் தகட்டின் இலக்கத்தை ஒருவர் உரக்கச் சொல்ல, மற்றவர் எழுதுவார். சிறு குழாயில் எடுத்த இரத்தம் உறைந்து தெளிநீர் பிரியும். பிறகு ஒரு வெள்ளைத் தட்டு. தெளிநீரில் ஒரு துளி, ரோஸ் பெங்கால் என்ற இளஞ்சிவப்பு மருந்தில் ஒரு துளி, இரண்டையும் கலந்து நான்கு நிமிடம் தட்டை ஆட்டுவார்கள். கலவை வழவழப்பாக இருந்தால் நிம்மதி. ரவை ரவையாகத் திரண்டால் அந்த மாட்டுக்குப் புருசெல்லா தொற்றியிருக்கலாம்.

இந்த நோய் இலங்கையில் முதலில் பதிவானது 1956இல், திருகோணமலையில். சினைப்பசு குறைமாதத்தில் கன்றைப் போடும். விழுந்த கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். வன்னிப் பட்டியில் அதைக் கையால் தூக்கி வேலியோரம் எறிவது வழக்கம், நாய் இழுத்துக்கொண்டு போகும். கறந்த சூட்டில் பாலைக் குடிப்பது இன்னொரு வழக்கம், அது உடம்புக்கு நல்லது என்று இன்றைக்கும் நம்புகிறவர்கள் உண்டு. இரண்டு வழியாலும் நோய் மனிதருக்கு வரும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டு நோ, நாரிப்பிடிப்பு, இரவில் வியர்வை. ஆஸ்பத்திரியில் எல்லாக் காய்ச்சலுக்கும் உரிய சோதனை எடுத்துப் பார்த்தும் ஒன்றும் பிடிபடாது. நோயாளி பட்டிக்காரர் என்ற ஒரு வரி துண்டில் இருந்தால் வைத்தியரின் யோசனை வேறு பக்கம் திரும்பும். அந்த வரியை எழுத வைப்பது கால்நடை வைத்தியருக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் இடையிலுள்ள பழக்கந்தான். பழக்கம் இருக்கும் பிரிவில் வேலை நடக்கிறது, இல்லாத பிரிவில் கடிதம் நடக்கிறது.

விசர் பிடித்த மாடு

கால்நடை வைத்தியர்கள் பயப்படுகிற ஒரு தொலைபேசி அழைப்பு உண்டு. பெரும்பாலும் அது இப்படித்தான் தொடங்கும்.

“டொக்டர், நேற்றுப் பின்னேரம் தொடக்கம் மாடு தண்ணி குடிக்குதில்லை. வாயாலை வீணீர் வடியுது, கத்திக்கொண்டே நிக்குது. தொண்டையிலை ஏதோ கொழுவிப்போட்டுது போல.”

“கையை விட்டுப் பாத்தனீங்களோ அம்மா?”

“ஓம் டொக்டர், நானும் பாத்தனான், இவரும் பாத்தவர். ஒண்டும் தட்டுப்படேல்லை.”

“கிட்டடியிலை நாய் ஏதும் கடிச்சதோ?”

“ஒரு மாசம் இருக்கும். கட்டாக்காலி நாயொண்டு பட்டிக்குள்ள வந்தது.”

இதற்குப் பிறகு மாட்டைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும். மாட்டுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை. கையை விட்டவர்கள் எத்தனை பேர், கையில் கீறல் இருந்ததா, பால் யார் யாருக்குப் போனது என்று பட்டியல் எடுக்க வேண்டும். எல்லாரையும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். காய்ச்சிய பாலால் பயமில்லை என்று பால் வாங்கிய வீடுகளுக்கும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஊரே வரிசையில் நிற்கும். நீர்வெறுப்பு வந்த மனிதர் பிழைப்பதில்லை. ஆகவே அந்த ஐந்து நிமிடப் பேச்சில் காப்பாற்றப்படுவது ஒரு குடும்பம்.

1973இல் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு இருபது, முப்பது என்ற அளவுக்கு அது இறங்கியிருக்கிறது. கடிபட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஊசி கிடைப்பது ஒரு காரணம். நாய்களுக்கு ஊர் ஊராகத் தடுப்பூசி போடுவது மற்றது. 2006இல் கட்டாக்காலி நாய்களைக் கொல்வதில்லை என்று அரசு முடிவெடுத்த பிறகு தடுப்பூசியும் கருத்தடையும்தான் வழி. வன்னியில் இந்த வேலைக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. போர் முடிந்து மீள்குடியேறியவர்கள் காணிக்குத் திரும்பியபோது, அங்கே யாரும் வளர்க்காத நாய்கள் குட்டிபோட்டுப் பெருகியிருந்தன. வீட்டு நாயைச் சங்கிலியில் கொண்டுவந்து ஊசி போட்டுக்கொண்டு போவார்கள். சந்தியில் படுத்திருக்கும் நாய்க்கு யார் சங்கிலி?

சந்தேகமான நாய் செத்தால் அதன் தலையைப் பனிக்கட்டிக்குள் வைத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். கிளிநொச்சியிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஏ9 வீதியில் அந்தப் பெட்டி யாருடைய மடியில் போகிறது என்று கேட்டால் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

விலங்கின் சாவைக் கவனித்தவர் மனிதரைக் காப்பாற்றிய கதை உலகத்துக்குப் புதிதல்ல. 1999இல் நியூயோர்க் நகரில் முதியவர்கள் மூளைக்காய்ச்சலால் விழத் தொடங்கினார்கள். அது செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று அதிகாரிகள் முடிவெடுத்தார்கள். அதே வாரங்களில் நகரில் காகங்கள் செத்துக்கொண்டிருந்தன, புரொங்ஸ் மிருகக்காட்சிசாலையின் பறவைகளும் செத்தன. அங்கே நோயியல் பார்த்த கால்நடை வைத்தியர் ட்ரேசி மக்னமாரா, அந்த நோய் பறவையைக் கொல்லாதே என்று விடாமல் கேட்டார். கடைசியில் பிடிபட்டது வெஸ்ட் நைல் வைரஸ், அமெரிக்கக் கண்டத்தில் அதுவரை காணாதது. காகம் செத்ததற்கும் கிழவர் செத்ததற்கும் முடிச்சுப் போட ஒரு கால்நடை வைத்தியர் தேவைப்பட்டார்.

வெக்கை வந்த வழி

வெக்கை நோய் என்று முதியவர்கள் சொல்லும் ரின்டர்பெஸ்ட், இலங்கையில் 1946க்குப் பிறகு இருக்கவில்லை. 1987இல் அது திரும்பி வந்தது. இந்திய அமைதிப் படையின் இறைச்சித் தேவைக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்பதே ஆய்வாளர்களின் கருத்து. கிழக்கில் தொடங்கி வடக்குக்கும் பரவியது, மாடுகளும் எருமைகளும் விழுந்தன. யுத்தம் நடந்த பிரதேசத்தில் யுத்தத்தோடு வந்த நோய். அதை அங்கேயே நின்றுதான் தடுக்க வேண்டியிருந்தது.

எரிபொருள் தடை, மின்சாரம் இல்லை, பாதை பூட்டு. அந்த நிலைமையில் தடுப்பூசியைக் குளிர் குறையாமல் வைத்திருப்பதே ஒரு தனிப் போராட்டம். ஊசி போட்டவர்கள் யாரும் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. 1994க்குப் பிறகு இலங்கையில் அந்த நோய் காணப்படவில்லை. 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். மனிதருக்கு வந்த பெரியம்மைக்கு அடுத்து மனிதகுலம் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் அது. பாரிஸிலும் ரோமிலும் பேசப்படும் அந்த வெற்றியில் வடக்கு, கிழக்குப் பட்டிகளில் போட்ட ஊசிகளும் சேர்ந்திருக்கின்றன. நம்முடைய யுத்தகால நினைவு நூல்களில் இதற்கு ஒரு பக்கமாவது இருக்க வேண்டும்.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது மனிதர்கள் செட்டிகுளம் முகாம்களில் இருந்தார்கள், மாடுகள் காட்டில் இருந்தன. இடம்பெயர்ந்தபோது கொஞ்சத் தூரம் சாய்த்துக்கொண்டு போனவர்கள், இனி முடியாது என்று வந்த இடத்தில் கயிற்றை அறுத்துவிட்டவர்கள், பட்டியைத் திறந்துவிட்டுக் கிளம்பியவர்கள். சொந்தக்காரரை இழந்த மந்தைகள் மிதிவெடி நிலங்களுக்குள்ளும் மேய்ந்தன. மீள்குடியேற்றத்தின்போது ‘இது என்ரை மாடு’ என்று இரண்டு பேர் நிற்பார்கள். வன்னியில் மாட்டின் தொடையில் இருக்கும் குறிதான் அதன் பிறப்புச் சான்றிதழ். குறிசுட்ட தழும்பு எந்தக் குடும்பத்தினது, எத்தனை வயது, கன்று யாருடைய பசுவோடது என்று பார்த்துச் சொல்லும் வேலையும் மாட்டு டொக்டரின் தலையில் விழுந்தது. இன்றைக்கும் களவு மாடு பிடிபட்டால் பொலிஸ் இவரிடம் வரும், நீதிமன்றத்துக்கு அறிக்கை போகும். மடுவத்துக்குப் போகிற மாடு சினையா, நோயா என்று பார்ப்பதும் இவர். இந்தக் கையெழுத்துகளால் இவருக்கு ஊரில் பகை வருவதும் உண்டு. வருகிற மிரட்டலைப் பெரும்பாலானவர்கள் வெளியில் சொல்வதில்லை.

2020 செப்டெம்பரில் மாட்டுப் பெரியம்மை, தோல் முழுவதும் கழலை கழலையாக எழும்பும் நோய், இலங்கையில் முதன்முதல் தலைகாட்டியதும் வடக்கில்தான். முந்திய ஆண்டு பங்களாதேசத்திலும் ஒடிசாவிலும் கண்டது. ஈயும் நுளம்பும் உண்ணியும் கொண்டுபோகும் நோய்க்கு மாவட்ட எல்லை தெரியாது. அடுத்த மாதமே கொரோனாவின் இரண்டாம் அலை. ஊர் பூட்டியிருந்தபோது பாஸ் எடுத்துக்கொண்டு பட்டி பட்டியாகப் போனவர்களில் இவர்களும் உண்டு. கைதட்டிய பட்டியலில் இவர்கள் பெயர் வந்ததாக எனக்கு நினைவில்லை.

தானமாக வந்த மாடு

இனி எனக்கு எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். யுத்தத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்த வாழ்வாதார உதவிகளில் மாடும் ஆடும் கோழியும் முன்வரிசையில் நின்றன. கணவரை இழந்த பெண்ணிடம் ஒரு கறவைப் பசுவைக் கொடுத்துப் படம் எடுப்பது எல்லாருக்கும் பிடித்த காட்சி. பசு எங்கிருந்து வந்தது? பல தடவை மலைநாட்டிலிருந்து, ஜேர்சிக் கலப்பு, நாளுக்குப் பத்து லீற்றர் கறக்கும் என்ற வாக்குறுதியோடு. அந்தப் பசுவுக்குக் கூரையுள்ள கொட்டில் வேண்டும், பச்சைப்புல் வேண்டும், அடர்தீவனம் வேண்டும், தண்ணீர் குடம் குடமாக வேண்டும். வன்னி உண்ணி கடித்தால் ஊர் மாடு தாங்கும், இது காய்ச்சலில் விழும். ஆனி, ஆடி வெயிலில் மூசிக்கொண்டு நிற்கும் பசுவைப் பார்த்த பிறகுதான் டொக்டருக்கு அழைப்புப் போகும். அவர் வாங்கும்போது கேட்கப்பட்டிருந்தால், ஊர் மாட்டுக் கலப்பு நாகு ஒன்றையும் கோ-3 புல்லுக் கட்டையையும் கொடுங்கள் என்றிருப்பார். அல்லது பசுவே வேண்டாம், நான்கு வெள்ளாடு போதும் என்றிருப்பார். ஒரு மாத வயதுக் கோழிக்குஞ்சு, இராணிக்கெட் தடுப்பு மருந்து போட்டது, அதுவே சில வீடுகளுக்குப் பசுவை விட நிச்சயமான வருமானம்.

நாடளவில் இதே பிழை பெரிதாக நடந்தது. 2017இல் அவுஸ்திரேலியாவிலிருந்து 5,000 கறவை மாடுகள் உள்ளூர்ப் பண்ணையாளர்களுக்காக இறக்கப்பட்டன. சொன்ன பால் வரவில்லை, மாடுகள் செத்தன, பண்ணையாளர்கள் கடனாளியானார்கள்.

இன்னும் பழைய பாடம் ஒன்று நம் எல்லையிலேயே இருக்கிறது. 1980களில் மகாவலிக் குடியேற்றங்களில் மேலதிக வருமானத்துக்காகப் பன்றி வளர்க்க ஊக்கம் கொடுத்தார்கள். நல்ல எண்ணந்தான். வயலில் நிற்கும் தண்ணீரில் நுளம்பு பெருகும். பன்றியின் உடம்பில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் பெருகும். பக்கத்தில் மனிதர் தூங்குவார். 1985இலும் 1987இலும் தொடங்கிய இரண்டு பருவங்களில் வவுனியாவுக்குத் தெற்கே அநுராதபுரத்தில் நூற்றுக்கணக்கானோர் அந்தக் காய்ச்சலில் விழுந்தார்கள், பலர் இறந்தார்கள். அந்தத் தொற்றை ஆராய்ந்தவர்களில் ஒருவர் மலிக் பீரிஸ், பின்னாளில் 2003இல் ஹொங்கொங்கில் சார்ஸ் வைரஸைக் கண்டுபிடித்தவர்களில் அவரும் ஒருவர். வயலோரம் பன்றியை வைக்கலாமா என்று திட்டம் போடும் நாளில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, சவ ஊர்வலங்களுக்குப் பிறகு ஆராய்ச்சிக் கட்டுரையாக வந்தது.

எங்கே மேய்ப்பது?

வன்னிப் பட்டிக்காரரிடம் உங்கள் மாட்டுக்கு என்ன நோய் என்று கேட்டால், “காணி இல்லாத நோய்” என்பார். பகிடி இல்லை. முன்பு மேய்ந்த இடம் இன்று வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கல்லுக்குள் இருக்கும், அல்லது வயலாகியிருக்கும், அல்லது வேறு யாருடைய வேலிக்குள்ளோ இருக்கும். காலபோகம் முழுக்க மாடு நிற்க இடமில்லை. வயலுக்குள் இறங்கினால் கமக்காரரோடு சண்டை, வெட்டுக்காயத்தோடு மாடு வரும். வீதியில் படுத்தால் இரவில் வாகனம் மோதும். யாழ்தேவி 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய பிறகு தண்டவாளத்தில் மந்தை மந்தையாக அடிபட்ட செய்திகளும் வழமையாகிவிட்டன. தையல் போட வருகிற டொக்டருக்கு நோய்க்காரணம் தெரியும். அது மேய்ச்சல் தரை. அதற்கு அவர் மருந்து எழுத முடியாது, கூட்டத்தில் சொல்லத்தான் முடியும். மாவட்டக் கூட்டங்களில் கால்நடை என்ற தலைப்பு வரும்போது பெரும்பாலும் மதியச் சாப்பாட்டு நேரமாகிவிடும்.

ஆனால் கிடைத்த இடத்தில் சில வேலைகள் நடக்கின்றன. அறுவடை இயந்திரம் வயலில் பரப்பிவிட்டுப் போகும் வைக்கோலை எரிக்காமல் கட்டாக்கி வைக்கச் சொல்கிறார்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி வைத்தால் வறட்சிக்கான தீனி தயார். மண்டோஸில் மாடுகள் செத்தது வெறும் வயிற்றோடு என்பதை நினைத்தால் இந்த வைக்கோல் கட்டின் விலை புரியும். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது யூரியாவும் இல்லை. அன்றைக்குத்தான் கமக்காரர்கள் மாட்டுச் சாணியைத் தேடிப் பட்டிக்கு வந்தார்கள். விரட்டிய மாட்டின் எருவுக்குக் காசு கொடுத்த அந்த ஒரு போகத்தை, கமக்காரரும் பட்டிக்காரரும் உட்கார்ந்து பேச நல்ல சந்தர்ப்பமாக்கியிருக்கலாம். நழுவவிட்டோம்.

காடு பக்கத்தில் இருக்கும் ஊரில் இன்னொரு டொக்டரும் வேண்டும். 2018 ஜூன் 21ஆம் திகதி கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தை பலரைக் காயப்படுத்தியது. கடைசியில் சனம் அதை அடித்துக் கொன்றது, படமும் எடுத்தது. நாடு முழுக்கக் கண்டித்தார்கள், கைதுகளும் நடந்தன. கண்டித்தவர்கள் கொழும்பில் இருந்தார்கள், காயப்பட்டவர்கள் அம்பாள்குளத்தில். நடந்தது கொடூரந்தான், சந்தேகமில்லை. ஆனால் மயக்க ஊசித் துப்பாக்கியோடு ஒரு வனஜீவராசிகள் வைத்தியர் எவ்வளவு நேரத்தில் ஓர் ஊருக்கு வர முடியும் என்ற கேள்விதான் எனக்கு முக்கியம். ஒரு மாகாணத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். ஒரே நாளில் பன்றி வெடி கடித்து வாய் சிதைந்த யானை ஒருபக்கம், கிணற்றில் விழுந்த குட்டி மறுபக்கம். அவர் வரும்வரை கூட்டத்தை விலக்கி வைக்க வேண்டும் என்பது யாருடைய பொறுப்பு என்று இன்றைக்கும் தெளிவில்லை.

வன்னிக்குப் புதுத் திட்டம் எதுவும் தேவையில்லை. பிரதேச செயலகத்தில் மேய்ச்சல் தரை வரைபடம் கீறும் நாளில் கால்நடை வைத்தியர் இருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவம் புயல் எச்சரிக்கை விடும்போது, மீனவருக்குச் சொல்வதைப் போலப் பட்டிக்காரருக்கும் ஒரு வரி சொல்லட்டும்: எந்த மேட்டுக்குச் சாய்ப்பது, எங்கே தறப்பாள் கட்டுவது. அந்த வரியை எழுதத் தெரிந்தவர் அதே பிரதேச செயலகத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில்தான் இருக்கிறார். 2025 நவம்பர் முடிவில் டித்வா புயலின் வெள்ளம் வந்தபோதும் பட்டிக்காரர்கள் தங்கள் புத்தியை மட்டும் நம்பித்தான் மாடு சாய்த்தார்கள்.

வாசகருக்குச் சொல்ல வேண்டியவை சில. உங்கள் வீட்டு நாய்க்கு இந்த ஆண்டு ஊசி போட்டீர்களா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். வீணீர் வடிக்கும் மாட்டின் வாய்க்குள் கையை விடாதீர்கள். குறைமாதத்தில் விழுந்த கன்றை வெறுங்கையால் தொடாமல் டொக்டருக்குச் சொல்லுங்கள், ஆழமாகத் தாழ்க்கச் சொல்வார். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு மாடு வாங்கிக் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பணத்தை அனுப்பு முன் அந்தப் பிரிவின் கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்கு ஓர் அழைப்பு எடுங்கள். கொட்டிலுக்கும் புல்லுக்கும் தண்ணீருக்கும் ஆகும் செலவை மாட்டின் விலையோடு சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.